வண்டி வருவதற்கு முன்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிய அண்ணாசாமி முதலியார் சாலையில் கர்நாடகத் தீயணைப்புத் துறையின் தலைமையகம் இருக்கிறது. ஊர்க்காவல் படைக்கும், ‘சிவில் டிஃபென்ஸ்’ என்று சொல்லப்படும் குடிமைப் பாதுகாப்பு அமைப்புக்கும் அதே சாலைதான் தலைமையிடம். அங்கிருந்து காக்ஸ் டவுன் நடந்தே போய்விடும் தூரம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், காக்ஸ் டவுன் சந்து ஒன்றில் சமையலறை பற்றிக்கொண்டால் முதலில் வந்து நிற்பது சிவப்பு வண்டியாக இருக்காது. வண்டி வீலர் ரோட்டு நெரிசலைத் தாண்டி வரவேண்டும். ஜீவனஹள்ளிப் பக்கமென்றால் இருபுறமும் பைக் நிறுத்திய சந்துக்குள் திரும்ப வேண்டும். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் ஈரச் சாக்கோடு உள்ளே போயிருப்பார், மாடிவீட்டுப் பையன் மெயினை அணைத்திருப்பான், யாரோ ஒரு அக்கா பிள்ளைகளைத் தெருமுனைக்குக் கூட்டிப்போயிருப்பார்.

தீ பற்றுவதற்கும் வண்டி வருவதற்கும் நடுவிலுள்ள அந்த நேரம் அக்கம்பக்கத்தாருடையது. நகரத்தில் அது சில நிமிடம். மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோலே கிராமங்களுக்கு 20 நிமிடம் வரை விட்டுக்கொடுக்கிறது. மலைக்காட்டுக்கு வண்டி ஏறவே ஏறாது. ஜெர்மனியிலும் சிலியிலும் இந்த நேரத்தைக் கையாள ஊருக்கு ஊர் தன்னார்வத் தீயணைப்புப் படை உண்டு. தலைக்கவசம், குழாய், சைரன், ஆண்டு விழா எல்லாம் உண்டு. நம்மூரில் வேலை நடக்கிறது, படைதான் இல்லை.

அந்த வேலைக்கு ஆள் சேர்வது நல்ல மனசால் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்கள், ஒரே காட்டில் மாடு மேய்ப்பவர்கள், ஒரே கூரைச்சரிவின் கீழ் படுப்பவர்கள் தீ என்றால் ஓடி வருகிறார்கள். பிழைப்பு பின்னிக் கிடக்கிற இடத்தில் ஆளும் இருக்கிறது, தீயைப் பற்றிய அறிவும் இருக்கிறது. அந்தப் பின்னல் அறுந்த இடத்தில் வாட்ஸாப்பில் ஆள் திரட்ட வேண்டியிருக்கிறது.

காக்ஸ் டவுனின் பிறப்பே ஓர் ஆபத்திலிருந்து வந்தது. 1898இல் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. கன்டோன்மென்டின் நெருக்கடியான குடியிருப்புகளில் நோய் பரவிய வேகத்தைக் கண்ட நிர்வாகம், அடுத்த சில பத்தாண்டுகளில் புதுப் பகுதிகளை அமைத்தது. ரிச்சர்ட்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் ஆகியவை அந்த வரிசையில் வந்தவை. காக்ஸ் என்பது இங்கே கலெக்டராக இருந்த வெள்ளைக்காரரின் பெயர். காற்றும் வெளிச்சமும் வரவேண்டும் என்று வீட்டுக்கும் வீட்டுக்கும் இடம் விட்டார்கள், தெருவை நேராகப் போட்டார்கள். எலிக்குப் பயந்து விட்ட இடைவெளி தீக்கும் தடையானது. இந்த டவுன்களைச் சுற்றி ஜீவனஹள்ளி, கம்மனஹள்ளி, காடுகொண்டனஹள்ளி என்று ஹள்ளிகள். வயலும் மாடுமாக இருந்த ஊர்கள். வடாற்காடு பக்கத்திலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் டவுனிலும் ஹள்ளியிலும் கலந்தே குடியேறின. பிளேக் காலத்தில் விட்ட அந்த இடைவெளிகளில் பலவற்றில் இன்று மாடிப்படியும் தகர ஷெட்டும் ஏறிவிட்டன.

பெங்களூரின் தீயணைப்புத் துறை போர்க்காலத்தில் உருவானது. ஜப்பான் குண்டு போடும் என்ற அச்சம் தென்னிந்தியாவை உலுக்கிய 1942ஆம் ஆண்டுவாக்கில், இரண்டே நிலையங்களோடு காவல்துறையின் கீழ் அது தொடங்கியது. தனிச் சட்டம் 1964இல் வந்தது. அந்தச் சட்டத்தைப் படிக்கிறவர்கள் தாண்டிப்போகிற ஒரு பிரிவு உண்டு: தேவை ஏற்பட்டால் தன்னார்வலர்களைப் பதிவு செய்து துணைத் தீயணைப்புப் படை ஒன்றை அரசு அமைத்துக்கொள்ளலாம். ஆக, வழி சட்டத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திறந்தே கிடக்கிறது.

இனி கிராமத்துக்குப் போவோம். கூரை வீடு பற்றினால் தண்ணீர் ஊற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலை கட்டுத்தறியிலிருந்து மாட்டை அவிழ்த்து விடுவது. அடுத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரிப்பது. எரிகிற வீட்டை அநேகமாகக் கைவிட்டுவிடுவார்கள். பங்குனி வெயிலில் காய்ந்த கீற்று சில நிமிடங்களில் முகட்டோடு இறங்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஆட்கள் அரிவாளோடும் தொரட்டியோடும் இன்னும் பற்றாத அடுத்த வீட்டின் மேல் ஏறுவார்கள். கட்டுகளை அறுத்துக் கீற்றைச் சரித்துத் தெருவில் தள்ளுவார்கள். அந்த வீட்டுக்காரரும் கூடவே நின்று தன் கூரையைத் தானே அறுப்பார். அங்கே யாரும் அவரிடம் அனுமதி கேட்பதில்லை, அவரும் எதிர்பார்ப்பதில்லை. பெண்கள் குடத்தோடும் அண்டாவோடும் மாட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஆண்களின் கையில் கொடுப்பார்கள். சாக்கை நனைத்து அடுத்த கூரைமேல் போர்த்துவதும் அவர்களே. கரண்ட் இருந்தால் பம்புசெட்டை ஓடவிட்டு வாய்க்காலைத் திருப்புவார்கள்.

வைக்கோல் போர் பற்றினால் கதை வேறு. மேலே அணைந்தது போலிருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போன பிறகு, போரைக் கவைக்கோலால் கலைத்துப் பிரிப்பதற்கு ஊர் ஆட்கள்தான் வேண்டும். பிரித்த வைக்கோலைப் பரப்பி, மிதித்து, நனைத்து, விடிய விடியக் காவல் இருப்பார்கள். ஒரு சம்சாரியின் ஒரு வருட மாட்டுத் தீவனம் அது. எவன் வீட்டுப் போர் எரிந்ததோ அவனுக்கு மறுநாள் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தங்கள் போரிலிருந்து இழுத்துப் போடுவதும் அந்தத் தீயணைப்பின் பகுதி. அதற்கு எந்த நிவாரணப் படிவமும் கிடையாது.

இதை மெச்சிக்கொண்டே போகவும் முடியாது. அக்கம்பக்கம் என்பதற்கு நம் கிராமங்களில் ஒரு எல்லை உண்டு, அந்த எல்லையின் பெயர் சாதி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். அது விபத்தல்ல, வைத்த தீ. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் அதை ஒட்டிய இரண்டு குடியிருப்புகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அண்டை ஊர்க்காரர் வாளியோடு வருவார் என்ற நம்பிக்கை எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வாய்த்ததில்லை. தன்னார்வத்தை அரசு ஒரு அமைப்பாக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உறவை நம்பி நிற்கிற உதவி உறவு முடிகிற இடத்தில் முடிந்துவிடும். சீருடை போட்டவன் எந்தத் தெருவுக்கும் போயாக வேண்டும்.

கூரை வீடுகளைக் குறைப்பதே பெரிய தீத்தடுப்பு என்ற எண்ணம் தமிழகத்துக்குப் பெரும் விலை கொடுத்த பிறகே உறைத்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தபோது எரிந்ததும் கீற்றுக் கூரை. அதன்பின் பள்ளிகளில் கூரை அகற்றப்பட்டது. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் ஏறத்தாழ 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதை இலக்காக வைத்தது. கூரை போனதும் தீ போய்விட்டதா என்றால் இல்லை. சிலிண்டர் வந்தது, பழைய வயரில் புது ஏசி ஓடியது. 2022இல் இந்தியாவில் தீ விபத்துகளில் 7,400 பேருக்கு மேல் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. விபத்துகளில் பாதிக்கு மேல் நடந்தது குடியிருப்புகளில்.

ஒரே கூரை என்பதை அப்படியே எழுத்துப்படி வாழ்கிறவர்கள் இலங்கையின் மலையகத் தமிழர்கள். தோட்டத்து லயன் வரிசையில் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி நிற்கின்றன. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத் தீ ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததற்கு ஓடுகிறது. பழைய மின்கம்பியில் கசிவு என்றோ அடுப்புத் தீ என்றோ காரணம் எழுதப்படும். பெரும்பாலான நேரங்களில் ஆட்கள் கொழுந்து மலையில் இருப்பார்கள். விஷயம் தெரிந்து ஓடி வந்து, தகரத்தை உரித்துப் போட்டு வரிசையை நடுவில் அறுப்பார்கள். கிராமத்தில் கூரை பிரிப்பதும் இதுவும் ஒரே உத்தி. தீயணைப்பு நிலையமோ நகரத்தில், தோட்டத்துப் பாதையோ வளைவும் பள்ளமும். அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமும் இல்லை. சொந்தமில்லாத கூரையை உயிரைக் கொடுத்துக் காப்பவர்கள் அவர்கள்.

காட்டுத் தீ விஷயத்தில் அரசு வேறொரு வழி பிடித்தது. அங்கே உதவி செய்வதைக் கட்டாயமாக்கியது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 79ஆம் பிரிவு சொல்வது இது: காட்டில் மேய்ச்சல் உரிமை உள்ளவர், விறகோ வேறு விளைபொருளோ எடுக்க அனுமதி பெற்றவர், அவர்களிடம் வேலை செய்பவர், காட்டை ஒட்டிய ஊரில் அரசுச் சம்பளம் வாங்குபவர் அனைவரும் தீ பற்றிய செய்தியைத் தெரிவிக்க வேண்டும், தாமாகவே அணைக்கவும் பரவாமல் தடுக்கவும் முனைய வேண்டும். தவறினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெள்ளைக்காரனின் கணக்கு துல்லியமானது. காடு அவனுடையது, வியர்வை ஊரினுடையது. ஆனாலும் அந்தப் பிரிவில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது: காட்டில் உரிமை உள்ளவனே காட்டுக்குக் காவல் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. பிற்பாடு உரிமைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன, கடமை மட்டும் ஏட்டில் நின்றது.

உரிமையைப் பிடுங்கினால் தீயணைக்க வருகிறவனே தீ வைப்பான் என்பதற்குக் குமாவுன் மலை சாட்சி. 1921இல் அங்குள்ள மக்கள் புதிய வனக் கட்டுப்பாடுகளை எதிர்த்துப் பெரும் பரப்பில் காட்டைக் கொளுத்தினார்கள். பெங்களூரில் வாழும் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவின் முதல் நூல் அந்தப் போராட்டங்களை விரிவாகப் பேசுகிறது. அரசு இறங்கிவந்தது. 1931இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன, ஊர்க்காட்டை ஊரே ஆளலாம் என்றானது. அதே குமாவுனில், அல்மோரா மாவட்டத்துச் சீத்லாகேத் சுற்றுவட்டாரக் கிராமங்கள் இன்று தன்னார்வத் தீயணைப்புக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றன. முன்னணியில் நிற்பவர்கள் புல்லும் விறகும் சேகரிக்கக் காட்டுக்குப் போகிற பெண்கள். அவர்கள் செய்த முக்கியமான மாற்றம் நாட்காட்டியில்தான். வயல் வரப்பில் வெட்டிப்போட்ட புதர்களை வெயில் ஏறிய பிறகு எரிப்பது பழைய வழக்கம், அதிலிருந்து பொறி பறந்து பைன் சருகில் விழும். இப்போது மார்ச் முடிவதற்குள் எரித்து முடித்துவிட வேண்டும் என்று ஊர்கள் கூடித் தீர்மானித்திருக்கின்றன.

இதே நாட்காட்டி அறிவு காக்ஸ் டவுனிலிருந்து ஒரு பகல் பயண தூரத்தில், சாமராஜநகர் மாவட்டத்து பிளிகிரி ரங்கன் மலையில் இருந்தது. அங்கே வாழும் சோளகர்கள் தமிழ் வாசகர்களுக்குப் புதியவர்களல்ல, சத்தியமங்கலம் பக்கத்திலும் வாழ்பவர்கள். அவர்கள் ‘தரகு பெங்கி’ என்ற ஒன்றைச் செய்துவந்தார்கள். தரகு என்றால் சருகு. பனி விட்டும் விடாததுமான தை, மாசி வாக்கில், புல் முழுக்கக் காய்வதற்கு முன்னால், சருகுக்கு மட்டும் மெல்லத் தீ வைப்பார்கள். முழங்கால் உயரம்கூட எழாத தீ. அது தரையில் கிடக்கும் குப்பையைத் தின்றுவிட்டுத் தானாக அடங்கும். நெல்லிமரத்தின் மேல் படரும் ஒட்டுண்ணிச் செடியின் விதைகளையும் உன்னிமுள்ளின் இளங்கன்றுகளையும் அது கட்டுப்படுத்தும். நெல்லிக்காய் அவர்களுக்கு வருமானம், கிழங்கு உணவு. இரண்டும் தழைக்க வேண்டும் என்பதற்காக மூட்டிய தீ, பெருந்தீக்கான எரிபொருளையும் காலிசெய்துவந்தது.

1974இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயமானது. தீ மூட்டுவது குற்றமானது. அதன் பிறகு என்ன நடந்தது என்பதை பெங்களூரைச் சேர்ந்த ‘அட்ரீ’ ஆய்வு நிறுவனத்தினர் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். 1997க்கும் 2008க்கும் இடையில் உன்னிமுள் பிடித்த இடங்கள் ஏறத்தாழ இருமடங்காயின. ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்த உன்னிப் புதரில் தீ ஏறினால் அது மரக்கிளைக்குப் போகும், சருகுத் தீ போலப் பாதத்தோடு நிற்காது. தீயை முற்றிலும் தடைசெய்ததன் பலன் பெருந்தீ. 2011இல் வன உரிமைச் சட்டத்தின் கீழ் சோளகர் ஊர்களுக்குச் சமூக உரிமைப் பட்டயங்கள் வழங்கப்பட்டன, அதே ஆண்டு அந்தக் காடு புலிகள் காப்பகமாகவும் ஆனது. உரிமை தாளில் திரும்பி வந்தது. தரகு பெங்கிக்கு அனுமதி இன்னும் வரவில்லை.

2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அந்த மாதம் 21ஆம் தேதிவாக்கில் தொடங்கிய தீ நான்கைந்து நாட்கள் ஆடியது. விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொட்டின. எரிந்த பரப்பு 10,900 ஏக்கருக்கு மேல் என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டார்கள். பெங்களூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் தன்னார்வலர்கள் காரிலும் வேனிலும் கிளம்பிப் போனார்கள். தண்ணீர், பிஸ்கட், பூட்ஸ் என்று சேகரித்து அனுப்பியவர்களும் உண்டு. அவர்களின் மனசைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் காட்டுத் தீயில் ஆள் எண்ணிக்கையைவிட வழி தெரிந்த ஆள் முக்கியம். எந்த ஓடை காய்ந்திருக்கும், எந்தச் சரிவில் மதியத்துக்கு மேல் காற்று திரும்பும், எங்கே புதர் அடர்ந்து பின்வாங்க முடியாமல் போகும் என்பதெல்லாம் வரைபடத்தில் கிடையாது. அது மாடு மேய்த்தவனுக்குத் தெரியும். மாடு மேய்த்தவனைக் காட்டுக்கு வெளியே நிறுத்தியாயிற்று.

அதே வாரத்தில், பிப்ரவரி 23 அன்று, பெங்களூர் எலகங்காவில் விமானக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோது வாகன நிறுத்துமிடத்தில் காய்ந்த புல் பற்றிச் சுமார் 300 கார்கள் கருகின. வானத்தில் போர் விமானம் பறந்துகொண்டிருக்கிறது, கீழே புல்லைச் செதுக்கி வைக்க ஆள் இல்லை. எந்தக் கிராமத்துக் களத்திலும் தை பிறந்ததும் செய்கிற வேலை அது.

குரங்கணியைச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுத முடியாது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே, மலையடிவாரச் சிற்றூர். அங்கிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிற பாதையைத் தோட்டத் தொழிலாளர்களும் குரங்கணிக்காரர்களும் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்திருந்த மலையேற்றக் குழுவினர் இறங்கிவரும் வழியில் புல்வெளித் தீயில் சிக்கினார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் மாண்டார்கள்.

ஆள் உயரப் போதைப்புல் காய்ந்து நிற்கிற செங்குத்தான சரிவு அது. புல்லில் எண்ணெய்ச் சத்து உண்டு. சமதளத்தைவிடச் சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீ ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. கீழேயிருந்து சுடர் வந்தால் மேலே ஓடுகிறவன் தப்பமாட்டான். பக்கவாட்டில் விலக வேண்டும், அல்லது ஏற்கனவே எரிந்து கறுத்த தரைக்குள் புக வேண்டும். இது மலைக்காரனுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது அல்ல, பார்த்துப் பழகியது. அன்று மாலை, படை வருவதற்கு முன், முதலில் ஏறிப் போனவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். இருட்டில், புகையில், போர்வையில் தொட்டில் கட்டி வெந்த உடம்புகளைத் தூக்கி இறங்கினார்கள். ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் மறுநாள் காலை மேலே மீதமிருந்தவர்களுக்காக வந்தார்கள். தொலைக்காட்சி அதிகம் காட்டியது ஹெலிகாப்டரை.

தோளில் தூக்கியவர்களுக்கு அந்த வேலைக்கு என்ன பெயர்? அரசு ஆவணத்தில் ‘உள்ளூர் பொதுமக்கள்’. பெயர் இல்லாவிட்டால் காப்பீடு இல்லை, பயிற்சி இல்லை, தீக்காயத்துக்கு விடுப்பும் இல்லை. 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் அருகே கொற்றம்பத்தூரில் தீயணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் இறந்தார்கள். காட்டுத் தீ பருவத்துக்கென்று நாடெங்கும் வேலைக்கு எடுக்கப்படும் தீக் காவலர்களில் பெரும்பாலோர் இவ்வகையினர்: பழங்குடியினர், தினக்கூலிகள், மூன்று நான்கு மாத வேலை. கையில் பச்சைக் கொப்பு, தோளில் தண்ணீர் பாட்டில், காலில் சாதாரணச் செருப்பு. தழையால் அடித்து அணைப்பதும், தீக்கு முன்னால் ஓடிப்போய் எதிர்த்தீ வைப்பதும் அவர்களின் முறை. எதிர்த்தீ தவறினால் நடுவில் மாட்டிக்கொள்வது வைத்தவர்தான்.

வெளிநாட்டு உதாரணங்களை ஒரு எல்லைக்கு மேல் நம்புவது சரியல்ல. ஆனாலும் ஒரு விஷயம் கற்றுக்கொள்ளலாம். ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736இல் தொடங்கிய தீயணைப்புச் சங்கத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் தோல் வாளிகளும் பைகளும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற வாளி, சாமான்களை அள்ளி வெளியேற்றப் பை. சிலியில் 1851இல் வால்பரைசோ துறைமுக வணிகர்கள் தொடங்கிய மரபில் இன்றுவரை நாடு முழுவதும் தீயணைப்பவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள், அதற்கும் மேலே சந்தா கட்டுகிறவர்கள். ஜெர்மனியில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் பத்து லட்சம் அளவில் இருக்கிறார்கள். சிறிய ஊரின் சமூக வாழ்க்கையே தீயணைப்புக் கூடத்தைச் சுற்றி நடக்கும். சனிக்கிழமைப் பயிற்சி, பிறகு பீர். ஆள் வருவது தீக்காக மட்டும் இல்லை, பழக்கத்துக்காகவும். பணியில் காயம்பட்டால் காப்பீடு பார்த்துக்கொள்கிறது, பாதியில் வேலையை விட்டு ஓடினால் முதலாளி சம்பளம் பிடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நம் தன்னார்வப் பேச்சில் எப்போதும் விடுபடுவது இந்தக் கடைசி இரண்டும்.

நம்மிடமும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் போரை மனதில் வைத்து எழுதப்பட்டது, 2009இல் திருத்திப் பேரிடரையும் சேர்த்தார்கள். 2025 மே 7 அன்று நாடெங்கும் போர்க்கால ஒத்திகை நடந்தபோது அல்சூர் வளாகத்தில் சைரன் ஒலித்தது, தீயணைப்பும் மீட்பும் செய்துகாட்டப்பட்டன. காக்ஸ் டவுன்வாசிகள் பலர் அப்போதுதான் இப்படியொரு அமைப்பு பக்கத்தில் இருப்பதையே தெரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடம் 2010 பிப்ரவரி 23 அன்று எரிந்து 9 பேர் இறந்த பிறகு, இழந்தவர்களின் குடும்பங்கள் ‘பியாண்ட் கார்ல்டன்’ என்ற அமைப்பைத் தொடங்கித் தீப்பாதுகாப்பு விழிப்புணர்வுக்கு உழைக்கின்றன. துக்கத்திலிருந்து பிறந்த தன்னார்வம் அது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்தமித்ரா’ திட்டம் 2016இல் 30 மாவட்டங்களில் 6,000 பேரோடு தொடங்கிப் பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்ற இலக்குக்கு விரிந்தது. பயிற்சி பெற்றவருக்கு மீட்புக் கருவிப் பையும் காப்பீடும் உண்டு.

எல்லாவற்றிலும் எனக்குப் பொருத்தமாகப் படுவது கேரளம் செய்தது. 2018 வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு வந்து ஆட்களைக் காப்பாற்றியதைப் பார்த்த அரசு, அடுத்த ஆண்டே தீயணைப்புத் துறையின் கீழ் குடிமைப் பாதுகாப்புப் படை அமைக்க முடிவெடுத்தது. 124 தீயணைப்பு நிலையங்கள், நிலையத்துக்கு 50 பேர், மொத்தம் 6,200 தன்னார்வலர்கள். திட்டத்தின் நுட்பம் எண்ணிக்கையில் இல்லை. ஆள் சேர்ப்பு மாவட்டத் தலைநகரில் நடக்காமல் நிலையத்தின் சுற்றுவட்டாரத்திலேயே நடக்கிறது. நிலையத்தின் வண்டி ஓட்டுநருக்குத் தன்னார்வலரின் முகம் தெரியும், தன்னார்வலருக்குத் தன் ஊரின் சந்து தெரியும். கர்நாடகத்தின் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடக்கும் துணைப் படைப் பிரிவை வைத்துக்கொண்டு இதையே பெங்களூரிலும் செய்யலாம். ஜீவனஹள்ளிச் சந்துக்கு வண்டி வராது என்பது தெரிந்ததே. அங்கேயே குடியிருக்கும் எலக்ட்ரீஷியன், கேஸ் ஏஜென்சிப் பையன், ஆட்டோ ஓட்டுநர், அங்கன்வாடி அம்மா என ஒரு ஐம்பது பேருக்கு ரெகுலேட்டரை மூடவும் பவுடர் சிலிண்டரை அடிக்கவும் புகையில் தவழ்ந்து வெளியேறவும் சொல்லிக்கொடுக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆகும்?

மலையில் கணக்கு வேறு. குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்து, காட்டை ஒட்டிய ஊர்களின் இளைஞர்களையும் பழங்குடி இளைஞர்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. ஊர்க்காரனின் வழி அறிவுக்கு முதல்முறையாகச் சம்பளம் கிடைக்கிறது. 2025இல் பிப்ரவரி நடுவில், தீப்பருவம் வந்ததும், பாதைகளை ஏப்ரல் நடுப்பகுதிவரை மூடினார்கள். சரியான முடிவு. ஆனால் வழிகாட்டிக்கு வருமானம் நிற்கிற அந்த இரண்டு மாதமும் காட்டுக்கு அவன் அதிகம் தேவைப்படுகிற இரண்டு மாதம். தீத்தடுப்புக் கோடு வெட்டவும், சருகு கூட்டவும், மேட்டில் நின்று புகை பார்க்கவும் அதே ஆட்களை அதே சம்பளத்தில் காப்பீட்டோடு வைத்துக்கொள்ள வனத்துறைக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.